பழைய காருக்குப் பவர் விண்டோ: உப்புக்காற்று ஊரில் ஒயரிங் செய்யும் முறை

எங்கள் மாருதி 800-க்கு முதலில் பவர் விண்டோ மாட்டியது ஒரு கடை. மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் கண்ணாடி ஏறும்போது மோட்டார் முனக ஆரம்பித்தது. ஐப்பசியில் ஒருநாள் கடலூரிலிருந்து புதுச்சேரி போகிறோம். முள்ளோடை பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. அம்மா பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தவளக்குப்பம் வரை அம்மா முந்தானையைத் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தார். "கையால சுத்துற கைப்பிடி நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடையில் போய்ச் சொன்னதும், "மோட்டார் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து கதவைப் பிரித்து, மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர் கொடுத்துப் பார்த்தேன். கண்ணாடி சரசரவென்று ஏறியது. பழையபடி மாட்டி, ஓடும்போது மல்டிமீட்டர் வைத்தால் மோட்டார் முனையில் 9.4 வோல்ட்தான். பேட்டரியில் இருந்ததோ 12.4. நடுவில் மூன்று வோல்ட் எங்கே போயிற்று என்று தேடினேன். நூல் போன்ற ஒயர், முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய மூன்று இணைப்பு, பெயின்ட் மேலேயே முறுக்கிய ஓர் எர்த் ஸ்க்ரூ, அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு. இவ்வளவுதான். அன்று முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு நானே புதிதாகச் செய்த ஒயரிங்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கைப்பிடி சுற்றுகிற எந்தப் பழைய வண்டிக்கும் இது பொருந்தும். கதவில் ஏர்பேக் சென்சார், கம்ப்யூட்டர் ஒயரிங் என்று இருக்கிற புது வண்டிகளில் இப்படிக் கை வைக்காதீர்கள். வாரண்டியும் போகும்.

மோட்டார் எவ்வளவு கேட்கும்

பவர் விண்டோ மோட்டார் சாதாரண 12 வோல்ட் டிசி மோட்டார். இரண்டே ஒயர். ஒன்றுக்கு பிளஸ், மற்றதற்கு எர்த் கொடுத்தால் ஒரு பக்கம் சுற்றும், மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். உள்ளே வார்ம் கியர் இருப்பதால் கண்ணாடியை வெளியிலிருந்து கையால் அழுத்தி இறக்க முடியாது.

ரப்பர் சேனல் வழுக்கலாக இருந்தால் ஓடும்போது 5 ஆம்பியர் அளவில் இழுக்கும். ரப்பர் காய்ந்திருந்தால் 10 வரை போகும். கண்ணாடி உச்சியில் முட்டியபிறகும் ஸ்விட்சை விடாமல் பிடித்திருந்தால் 15 முதல் 25 ஆம்பியர் வரை எகிறும். ஒயரும் பியூசும் இந்தக் கடைசிக் கணக்கைச் சில நொடியாவது தாங்க வேண்டும்.

ஒயர் கணக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பேட்டரியில் புறப்பட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் வந்து, கதவுக்குப் போய்த் திரும்பி எர்த் வரை ஆறு மீட்டர் என்று வையுங்கள். 10 ஆம்பியர் ஓடும்போது 0.5 ஸ்கொயர் (செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்) ஒயரில் ஏறத்தாழ 2.3 வோல்ட் தொலைந்துபோகும். 1 ஸ்கொயரில் 1.2 வோல்ட். 2.5 ஸ்கொயரில் அரை வோல்ட்கூட இல்லை. கண்ணாடி ஏறும் வேகம் மோட்டாருக்குக் கிடைக்கும் வோல்டேஜைப் பொறுத்தது. என் வண்டியில் கடைக்காரர் போட்டிருந்தது அரை ஸ்கொயர். முனகாமல் என்ன செய்யும்?

வாங்க வேண்டியவை

கிட் இரண்டு வகையாக வருகிறது. பழைய சுற்று கைப்பிடியின் தண்டையே மோட்டாரால் சுற்ற வைக்கும் பொதுவான கிட் ஒன்று. கண்ணாடியைத் தாங்கி ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரோடு சேர்த்து அந்தந்த வண்டிக்கென்றே வருவது இன்னொன்று. விலை கொஞ்சம் கூடினாலும் இரண்டாவதையே வாங்குங்கள். முதல் வகையில் மோட்டாரைக் கதவுக்குள் நிறுத்தத் தகரத்தை வெட்டித் தாங்கு செய்ய வேண்டியிருக்கும். அந்தத் தாங்கு ஆடினால் பல் தேய்ந்துவிடும். சென்னை ஜி.பி. ரோட்டில் புதியதும், புதுப்பேட்டையில் கழற்றியதும் கிடைக்கும். கழற்றியதை வாங்கினால் கடையிலேயே பேட்டரியில் வைத்து இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கிட்டோடு வரும் ஒயர் கட்டை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக: பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு வரை 4 ஸ்கொயர், கதவுக்கு 2.5 ஸ்கொயர், ஸ்விட்சுக்கு 0.75 ஸ்கொயர். எல்லாமே மெல்லிய இழைகள் நிறைய உள்ள ஆட்டோ ஒயர். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக்கம்பி ஒயர் வேண்டவே வேண்டாம், கதவு திறந்து மூடும் இடத்தில் சில மாதங்களில் முறிந்துவிடும்.

பிளேடு பியூஸ் பச்சை 30 ஆம்பியர் ஒன்று, மஞ்சள் 20 ஆம்பியர் இரண்டு. ஐந்து கால் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை மாற்றிவிடும் ஸ்விட்ச்) நான்கு, சாக்கெட்டோடு. உள்ளே பசை தடவிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ஒயர் முனையில் மாட்டும் லக், அதை நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்பிங் பிளையர், தகரத் துளை ஒயரை அறுக்காமல் காக்கும் க்ரோமெட் ரப்பர், நெளிகுழாய்.

ரிலே வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐந்து காலிலும் இரண்டு சாதி உண்டு. நடுக்காலில் 87ஏ என்று அச்சிட்டிருப்பதுதான் நமக்கு வேண்டும். சிலவற்றில் நடுக்காலும் 87 என்றே இருக்கும், அது இந்த வேலைக்கு உதவாது. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தைப் படியுங்கள்.

கதவைப் பிரிப்பது

முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போனால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். மைனஸ் பட்டால் ஒன்றும் ஆகாது, அதுவும் பாடியும் ஒன்றுதானே.

சுற்று கைப்பிடியை வளைந்த கம்பி கிளிப் ஒன்று பின்னாலிருந்து பிடித்திருக்கும். பழைய வேட்டியில் நீளமாக ஒரு கிழிசல் எடுத்து, கைப்பிடிக்கும் டோர் பேடுக்கும் (கதவின் உள்பக்கப் பலகை) நடுவில் விட்டு, ரம்பம் அறுப்பதுபோல் இப்படியும் அப்படியும் இழுங்கள். கிளிப் தெறித்து வெளியே வரும். எங்கே விழுகிறது என்று ஒரு கண் வைத்திருங்கள்.

டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் உரியுங்கள், வேலை முடிந்ததும் அப்படியே திரும்ப ஒட்ட வேண்டும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் கதவின் அடியில் உள்ள துளை வழியாக வெளியேறுவதுதான் ஏற்பாடு. ஷீட் இல்லையென்றால் அது டோர் பேடை ஊறவைத்துவிடும். அடித் துளைகளில் மண்ணும் சருகும் அடைத்திருந்தால் இப்போதே ஒரு குச்சியால் குத்திவிடுங்கள்.

மோட்டார் மாட்டுவதற்கு முன் ரப்பர் சேனலைச் சுத்தம் செய்து சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். எண்ணெய், கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். கண்ணாடியை மட்டும் கையால் பிடித்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். உங்கள் கைக்கே இறுக்கமாக இருந்தால் மோட்டார் தினமும் அந்த வேலையைச் செய்யப் போகிறது. பிறகு பழைய ரெகுலேட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டுவது நட்டு போல்ட்டு வேலைதான். எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, கண்ணாடியை ஒருமுறை மேலே கொண்டுபோய்ப் பிறகு இறுக்கினால் கோணல் வராது.

ரிலே ஒயரிங்

கிட்டில் வரும் ஸ்விட்ச் வழியாக மோட்டார் கரண்ட் முழுவதும் நேராகப் போகும்படி மாட்டலாம். பலரும் அப்படித்தான் மாட்டுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தச் சின்னத் தொடுமுனைகள் 20 ஆம்பியரை அடிக்கடி வெட்டினால் கரிந்துபோகும். ரிலே போட்டால் ஸ்விட்ச் வழியாகப் போவது ரிலேயை இழுக்க வைக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு வேண்டிய 150 மில்லி ஆம்பியர் மட்டும்.

ஒரு கதவுக்கு இரண்டு ரிலே. ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. இரண்டுக்கும் ஒரே மாதிரி இணைப்பு:

30-ஆம் கால் மோட்டாரின் ஒரு ஒயருக்கு. அடுத்த ரிலேயின் 30 மோட்டாரின் இன்னொரு ஒயருக்கு.
87-க்கு 20 ஆம்பியர் பியூஸ் வழியாக வரும் பிளஸ்.
87ஏ-வுக்கு எர்த், 2.5 ஸ்கொயரில்.
85-க்கும் எர்த், மெல்லிய ஒயர் போதும்.
86-க்கு ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர்.

சும்மா இருக்கும்போது 30-உம் 87ஏ-வும் தொட்டுக்கொண்டிருக்கும். ஆக மோட்டாரின் இரண்டு ஒயரும் எர்த்தில் இருக்கும். 'ஏற்று' ரிலே இழுத்ததும் அந்த ஒயர் மட்டும் பிளஸ்ஸுக்குத் தாவும், மற்றது எர்த்திலேயே நிற்கும், மோட்டார் ஓடும். விரலை எடுத்ததும் இரண்டு முனையும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் மோட்டார் தன்னைத்தானே பிரேக் பிடித்துக்கொள்ளும். யாராவது இரண்டு ஸ்விட்சையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்? இரண்டு முனையிலும் பிளஸ் வரும், மோட்டார் அசையாது. ஷார்ட் ஆகாது. இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து வரும் 4 ஸ்கொயர் ஒயரில், முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 30 ஆம்பியர் பியூஸ் இருக்க வேண்டும். ஒயர் எரியாமல் காப்பதற்குத்தான் பியூஸ். அதனால் டாஷ்போர்டுக்கு அடியில் பியூஸ் வைத்து, இன்ஜின் பக்கம் முழுவதும் ஒயரைக் காப்பில்லாமல் விடுவதில் பொருளில்லை. தகரத் தடுப்பைத் தாண்டும் துளையில் க்ரோமெட் கட்டாயம். ரிலேக்களை டாஷ்போர்டுக்கு அடியில், கால் உயரத்துக்கு மேலே, சாக்கெட்டின் ஒயர்ப் பக்கம் கீழே பார்க்கும்படி திருகுங்கள். கதவுக்குள் வைக்கவே கூடாது.

ஸ்விட்சுக்கான பிளஸ்ஸை சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒயரிலிருந்து எடுங்கள். டெஸ்ட் லேம்ப் வைத்து, சாவியை எடுத்ததும் அணைகிறதா என்று பாருங்கள். இந்தக் கிட்டுகளில் கை மாட்டினால் தானே இறங்கும் வசதி பெரும்பாலும் கிடையாது. வண்டியில் குழந்தைகளை விட்டு இறங்கும்போது சாவி உங்கள் பையில் இருந்தால் ஜன்னல் செத்துக்கிடக்க வேண்டும்.

இரண்டாவது ஸ்விட்ச் வேண்டுமென்றால்

எல்லா ஸ்விட்சையும் கியர் பக்கத்தில் நடுவில் வைத்தால் வேலை இத்தோடு முடிந்தது. கதவுக்குள் மோட்டாரின் இரண்டு ஒயர் மட்டும் போகும். நானும் அப்படித்தான் வைத்தேன். ஆனால் அம்மா, "என் பக்கத்து ஜன்னல நான்தான் ஏத்தி இறக்குவேன், உன்னக் கேட்டுட்டு இருக்க முடியாது" என்றுவிட்டார். அவர் கதவில் இன்னொரு ஸ்விட்ச் வைத்து, அதன் ஒயர்களை என் ஸ்விட்ச் ஒயர்களோடு அப்படியே சேர்த்தேன். ரிலேதானே, இரண்டு ஸ்விட்சும் ஒரே காயிலை எழுப்பப் போகின்றன, இதில் என்ன சிக்கல் என்று நினைத்தேன்.

அழுத்தினால் பியூஸ் போயிற்று. கிட்டில் வரும் ஐந்து முனை ஸ்விட்ச் சும்மா இருக்கும்போது தன் இரண்டு வெளியேறும் முனையையும் எர்த்தோடு சேர்த்து வைத்திருக்கும். நான் பிளஸ் அனுப்புகிறேன், அம்மாவின் ஸ்விட்ச் அதை நேராக எர்த்துக்குக் கடத்துகிறது. சரி, எர்த் முனையைக் கழற்றிவிட்டேன். இப்போது பியூஸ் போகவில்லை. 'டக்' என்று இரண்டு ரிலேயும் சேர்ந்து இழுத்தன, கண்ணாடி அசையவில்லை. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எர்த்தைக் கழற்றினாலும் அந்த ஸ்விட்சுக்குள் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று சேர்ந்தேதான் இருந்தன. 'ஏற்று' ஒயரில் நான் அனுப்பிய பிளஸ் அதன் வழியாக 'இறக்கு' ஒயருக்கும் போய்விட்டது.

மருந்து மலிவு. ஒன் என் 4007 (1N4007) என்ற டையோடு நான்கு. ஒவ்வொரு ஸ்விட்சின் ஒவ்வொரு வெளியேறும் முனையிலும் ஒன்று, வெள்ளைக் கோடு ரிலே பக்கம் பார்க்கும்படி. ஸ்விட்சிலிருந்து ரிலேக்குக் கரண்ட் போகும், ஒரு ஸ்விட்சிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பி வராது. டையோடு 1 ஆம்பியர் தாங்கும், நமக்குத் தேவை அதில் சிறு பங்கு. கிட் ஸ்விட்சையே விட்டுவிட்டு நடுவில் எதையும் தொடாத மூன்று முனை ஸ்விட்ச் வாங்கினால் டையோடே வேண்டாம். எந்த ஸ்விட்ச் என்று தெரிந்துகொள்ள மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, ஸ்விட்சை அழுத்தாமல் இரண்டு வெளியேறும் முனைகளையும் தொடுங்கள். பீப் வந்தால் டையோடு வாங்கக் கிளம்புங்கள்.

கதவைத் தாண்டும் இடமும் இணைப்புகளும்

பழைய வண்டிகள் பலவற்றில் கதவுக்குள் ஒயரே போயிருக்காது, துளையும் இருக்காது. கதவு கீல்களுக்கு நடுவில், கதவின் விளிம்பில் ஒன்றும் எதிர்த்தூணில் ஒன்றுமாகத் துளை போட வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் வேண்டாம். தூணில் உள்ளது கொஞ்சம் மேலே இருக்கட்டும், ஒயர் வழியாக வழியும் நீர் கதவுக்குள் போய் அடித்துளையில் வெளியேறும், டாஷ்போர்டுக்குள் வராது. துளை போட்ட தகர விளிம்பை அரம் வைத்துத் தேய்த்து, உடனே பெயின்ட் தடவுங்கள். நம் ஊரில் மறுநாள் தடவலாம் என்று விட்டால் மறுநாளே துரு பூத்திருக்கும். க்ரோமெட், நெளிகுழாய் போட்டு, கதவு முழுவதும் திறந்தாலும் ஒயர் இழுபடாத அளவுக்குத் தொய்வு விடுங்கள்.

இணைப்புக்கு வருவோம். ஈயம் வைப்பதா, கிரிம்ப் செய்வதா என்பது பழைய சண்டை. கதவுக் கீல் பக்கம் நான் ஈயம் வைக்க மாட்டேன். ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடம் விறைத்துவிடும், அதிர்விலும் மடக்கலிலும் அதன் ஓரத்தில் முறியும். கிரிம்ப் செய்து, இழுத்துப் பார்த்து, பசை ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். இரு ஓரத்திலும் பசை பிதுங்கி வர வேண்டும். கறுப்பு டேப் மட்டும் சுற்றினால் கத்திரி வெயிலில் பசை உருகி டேப் அவிழும். தேவனாம்பட்டினம் கடற்காற்று உள்ளே போனதும் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும். மேலே உறை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், சீவினால் உள்ளே ஒரு சாண் தூரத்துக்கு இழை கறுத்திருக்கும். கறுத்த ஒயரில் எந்தக் கிரிம்பும் பிடிக்காது, பளபளப்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போங்கள்.

எர்த்தைக் கதவில் கொடுக்காதீர்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருப்பது கிரீசும் துருவும் கலந்த கீல்தான். டாஷ்போர்டுக்கு அடியில் பாடியில் வலுவான போல்ட் ஒன்றைப் பிடித்து, சுற்றிலும் பெயின்டை வெள்ளித் தகரம் தெரியும் வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து லக்கை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளத்தால் கடலூரிலும் தண்ணீர் புகுந்தது. எங்கள் வாசலில் நின்ற வண்டிக்குக் கதவின் அடி வரை தண்ணீர். வடிந்ததும் டோர் பேடைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் சேறு. ஒயர் இணைப்புகள் அதற்கு மேலே, வாய் கீழே பார்த்தபடி உலர்ந்திருந்தன. கப்ளரை (ஒயர்களைச் செருகிச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) கதவுக்குள் தரைமட்டத்தில் தொங்கவிடாமல் மேலே கட்டுங்கள்.

மூடுவதற்கு முன் அளப்பது

மைனஸ்ஸைக் கடைசியாக மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கிறதா பாருங்கள். கண்ணாடி ஏறும்போது மோட்டார் முனையில் அளந்தால் அதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. குறைந்தால் எங்கே என்று தேட எளிய வழி: மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸ்ஸில் வைத்து, சிவப்பு முனையால் 'இறக்கு' ரிலே சாக்கெட்டின் 87ஏ முனையைத் தொடுங்கள், கண்ணாடியை ஏற்றுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் குறை. அது சரியாக இருந்தால் குறை பிளஸ் பக்கம், பியூஸ் ஹோல்டரிலிருந்து தேடுங்கள். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் மோட்டாரைத் தொடராக மாட்டி அளக்கப் போகாதீர்கள், கண்ணாடி முட்டிய நொடியில் மீட்டரின் பியூஸ் போய்விடும்.

'ஏற்று' அழுத்தினால் இறங்குகிறதா? மோட்டாரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் போதும். எல்லாம் சரியென்றால் பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி, டோர் பேடை மாட்டுங்கள்.

வழியில் நின்றால்

ரிலே சாக்கெட்டுகளில் எது 'ஏற்று', எது 'இறக்கு' என்று பெயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள். டாஷ்போர்டு பெட்டியில், இரண்டு முனையிலும் தட்டை லக் அடித்த அரை அடி 2.5 ஸ்கொயர் ஒயர் ஒன்று கிடக்கட்டும். ஸ்விட்ச் செத்தாலோ ரிலே செத்தாலோ, 'ஏற்று' ரிலேயைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் 30-க்கும் 87-க்கும் இந்த ஒயரைச் செருகுங்கள். சாவிகூட வேண்டாம், கண்ணாடி ஏறத் தொடங்கும். எர்த்தை அடுத்த ரிலே பார்த்துக்கொள்ளும். உச்சியில் முட்டும் சத்தம் கேட்டதும் ஒயரை உருவிவிடுங்கள்.